சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கு: எழுத்து, வீடு, வாசகர் மூன்றையும் சேர்த்து நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

பதிப்பகம் இல்லாமல் தானே புத்தகம் கொண்டுவருகிறவருக்கு ஒரே நாளில் நாலைந்து வேலை. காலையில் நாவலாசிரியர், மதியம் மெய்ப்புப் பார்ப்பவர், மாலையில் அட்டைக்கு ஆள் தேடுபவர், ராத்திரி விற்பனைப் பிரதிநிதி. நடுவில் வீட்டில் ஒரு மனிதராகவும் இருந்தாக வேண்டும். இதற்கு 'சமநிலை' என்று பெயர் வைத்துவிட்டதால், தினமும் மூன்றுக்கும் சம பங்கு கொடுக்க வேண்டும்போல ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. அப்படி ஒரு நாள் அமைவதே அபூர்வம். அமைந்தாலும் மறுநாள் கலைந்துவிடும்.

இந்த வழிகாட்டியில் நான் ஒரே ஒரு அளவுகோலைத்தான் பயன்படுத்தப் போகிறேன். எந்த வாக்கையும் உங்களுடைய நல்ல வாரத்தை நினைத்துக் கொடுக்காதீர்கள். மோசமான வாரத்தை நினைத்துக் கொடுங்கள். புத்தகத்துக்கு, வீட்டாருக்கு, வாசகருக்கு என்று யாருக்குக் கொடுக்கிற வாக்காக இருந்தாலும் இதுதான் கணக்கு. குழந்தைக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் தலைபோகிற வேலை, உங்களுக்கே உடம்பு சரியில்லை என்று இருக்கும் வாரத்தில் எவ்வளவு நடக்குமோ, அவ்வளவுதான் நீங்கள் நம்பிக்கையாகச் சொல்லக்கூடியது. மீதியெல்லாம் போனஸ்.

படி 1: உங்கள் நேரம் எந்த ரகம் என்று பாருங்கள்

இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். எத்தனை மணிக்கு என்ன செய்தீர்கள் என்பதோடு, அப்போது தலை எப்படி இருந்தது என்பதையும் ஒரு சொல்லில் குறியுங்கள். முடிவில் பார்த்தால் நேரம் மூன்று ரகமாகப் பிரியும். தலை தெளிவாக, யாரும் கூப்பிடாமல் கிடைப்பது கூர்மையான நேரம். களைப்பு இருந்தாலும் கை வேலை செய்யும் என்பது மந்தமான நேரம். எங்காவது காத்திருக்கும்போது பத்துப் பத்து நிமிடமாக வந்து போவது உதிரி நேரம்.

புதிதாக எழுதுவதும் கடினமான திருத்தமும் கூர்மையான நேரத்துக்கு. மெய்ப்பு, கோப்பு வடிவமைப்பு, வரவுசெலவு, வாசகர்களுக்குப் பதில் எல்லாம் மந்தமான நேரத்துக்கு. உதிரி நேரத்தில் குறிப்பெடுக்கலாம், நேற்று எழுதியதை வாசிக்கலாம், அல்லது சும்மா இருக்கலாம். சும்மா இருப்பதை வேண்டுமென்றேதான் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். கதையில் மாட்டிக்கொண்ட முடிச்சு பெரும்பாலும் மேசையில் அவிழ்வதில்லை, அந்த மாதிரி நேரத்தில்தான் அவிழ்கிறது. அந்தப் பத்து நிமிடத்தையும் போனுக்குக் கொடுத்துவிட்டால் முடிச்சு அப்படியே இருக்கும்.

நோட்டை நேர்மையாக எழுதினால் பலருக்கும் ஒரு உண்மை தெரியவரும்: கூர்மையான நேரம் செய்திகளுக்குப் பதில் எழுதுவதில் போகிறது, கதை எழுத உட்காருவதோ கண் சொக்கும் நேரத்தில். வாரத்துக்கு ஆறு மணி நேரம் இருந்தும் நாவல் நகரவில்லை என்றால் அநேகமாக இதுதான் காரணம். மணி நேரத்தைக் கூட்ட வேண்டாம், இடம் மாற்றினாலே போதும்.

அதிகாலை எழுந்துதான் எழுத வேண்டும் என்ற உபதேசத்தை விட்டுத்தள்ளுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதிகாலை என்பதே வேறு. உங்கள் நோட்டு என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள்.

படி 2: மோசமான வாரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்

ஒரு வேலை எத்தனை நாளில் முடியும் என்று நாம் போடும் கணக்கு எப்போதும் குறைவாகவே இருக்கும் என்பதை டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-லேயே எழுதியிருக்கிறார்கள். 1994-இல் வந்த இன்னொரு ஆய்வு எழுத்தாளர்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்றும் கேட்டார்கள். சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல்.

இங்கே கவனிக்க வேண்டியது, 'மோசமாகப் போனால்' என்று யோசித்துச் சொன்ன பதிலும் போதவில்லை என்பது. அதனால் மோசமான வாரத்தைக் கற்பனை செய்யாதீர்கள். உங்கள் நோட்டில் உண்மையாகவே நடந்த வாரங்களில் எது மட்டமாக இருந்ததோ அதை எடுங்கள். அந்த வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 300 சொல் எழுத முடிந்ததா? சரி, வாரம் 1,200. நாவல் 60,000 சொல் என்றால் முதல் வரைவுக்கு 50 வாரம். கேட்கும்போது நீளமாகத் தோன்றும். ஆனால் நாளுக்கு 2,000 என்று ஆரம்பித்து மூன்றாம் வாரம் நின்றுபோன வரைவுகளை விட இது சீக்கிரம் முடியும்.

19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப் பல ஆண்டுகள் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர், மொத்தம் நாற்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள். காலை வேளையில் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதினார். இந்தக் கதையை ஊக்கமூட்டும் பேச்சுகளில் அடிக்கடி கேட்கலாம். அவரைக் காலையில் எழுப்பிக் காபி கொடுப்பதற்கென்றே கூடுதல் சம்பளம் வாங்கிய ஒரு பணியாள் இருந்தார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. டிரோலப்பே தன் வரலாற்றில் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அடுத்தவருடைய சொல் கணக்கைப் பார்க்கும்போது, அவர் வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நல்ல வாரத்தில் 3,000 சொல் வந்தால் எழுதுங்கள், தடையில்லை. ஆனால் அதைப் பார்த்து வாரக் கணக்கை உயர்த்திவிடாதீர்கள். கூடுதலாக வந்ததை அடுத்து வரப்போகும் மட்டமான வாரத்துக்கு முன்பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: எழுதும் நேரத்துக்குள் யாரையும் விடாதீர்கள், வாசகரையும்தான்

ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது, கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைப் பரிசோதித்து எழுதினார். எழுத்தாளருக்கு இதன் அர்த்தம் எளிது. எழுத உட்காரும் முன் 'சும்மா ஒரு தடவை' பார்த்த அந்த ஒரு விமர்சனம், அடுத்த ஒரு மணி நேரம் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

அது திட்டாக இருந்தால்தான் கெடுதல் என்று நினைக்க வேண்டாம். பாராட்டும் கெடுக்கும். 'உங்கள் கதாநாயகி அப்படிப் பேசுவது எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்' என்று ஒருவர் எழுதிவிட்டால், அன்றைக்கு அவள் அப்படியே பேச ஆரம்பிப்பாள். அந்த வரி வாசகருக்காக எழுதப்பட்டது என்பது பிறகு வாசிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

ஆகவே வரிசையை மாற்றக் கூடாது: முதலில் எழுத்து, பிறகுதான் இன்பாக்ஸ். போன் வேறு அறையில். எழுதும் கணினியில் இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். தகவல் சரிபார்க்க வேண்டிய இடத்தில் ஒரு குறி மட்டும் போட்டுவிட்டு மேலே போங்கள், மந்தமான நேரத்தில் தேடிக்கொள்ளலாம்.

துண்டு துண்டாக நேரம் கிடைப்பவர்களுக்கு எழுதுவதை விட, விட்ட இடத்துக்குத் திரும்பி வருவதுதான் பெரிய செலவு. எழுந்திருக்கும் முன் கடைசி இரண்டு நிமிடத்தில் கோப்பின் அடியில் மூன்று வரி எழுதி வையுங்கள்: இந்தக் காட்சி எங்கே நிற்கிறது, அடுத்து யார் என்ன செய்யப் போகிறார், எது இன்னும் முடிவாகவில்லை. காட்சி முடிந்து மூச்சு விடுகிற இடத்தில் நிறுத்துவதைவிட, அடுத்த வாக்கியம் என்னவென்று தெரிந்த இடத்தில் நிறுத்துவது மேல். மறுநாள் பத்து நிமிடம் மிச்சம்.

படி 4: ஆண்டைப் பருவங்களாகப் பிரியுங்கள்

ஒவ்வொரு நாளும் எல்லாம் செய்ய முயல்வதால்தான் மூச்சு முட்டுகிறது. ஒரு புத்தகத்தின் வாழ்க்கையில் வரைவு, ஆறப்போடுதல், திருத்தம், வெளியீடு, ஓய்வு என்று பருவங்கள் இருக்கின்றன. எல்லாப் பருவத்திலும் மூன்றுக்கும் ஒரே அளவு இடம் கொடுக்கத் தேவையில்லை.

வரைவு எழுதும்போது வாசகர் தொடர்பு மிகக் குறைவாக இருக்கட்டும். வாசகர்களுக்கு மாதம் ஒரு மின்னஞ்சல் மடல் போதும், சமூக வலைதளத்தில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. வரைவு முடிந்ததும் ஒரு மாதமாவது அதைத் தொடாதீர்கள். அந்த மாதத்தை வீட்டுக்குக் கொடுங்கள். தள்ளிப்போட்ட மருத்துவப் பரிசோதனை, போகாமல் விட்ட உறவினர் வீடு எல்லாம் இங்கே. இது தியாகம் இல்லை, ஆறிய கண்ணோடு திரும்பி வந்தால் திருத்தம் சுருக்கமாக முடியும். திருத்தம் செய்யும்போது முன்வாசகர்கள் நாலைந்து பேர் போதும். அவர்களிடம் 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்றுதான் வரும். எந்தப் பக்கத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போனீர்கள், எந்தப் பாத்திரத்தின் பெயர் மறந்துபோனது என்று கேளுங்கள்.

வெளியீட்டுப் பருவத்தில்தான் தலைகீழ். அந்த மூன்று நான்கு வாரத்தில் வாசகர்தான் முதலில். புதிதாக எழுதுவதை அந்த வாரங்களில் எதிர்பார்க்காதீர்கள், எதிர்பார்த்தால் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும்.

முன்பதிவு வைப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. சொந்தமாகப் புத்தகம் வெளியிட உதவும் அமேசானின் கேடிபி தளத்தில் மின்னூலுக்கு ஓராண்டு முன்பே முன்பதிவு திறக்கலாம். ஆனால் இறுதிக் கோப்பு வெளியீட்டுக்கு 72 மணி நேரத்துக்கு முன் அங்கே இருக்க வேண்டும். தவறவிட்டால் ஓராண்டுக்கு அந்த வசதியையே இழக்க நேரிடலாம். ஊக்கத்துக்காக முன்கூட்டியே தேதி அறிவிப்பது நல்ல உத்தி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெய்ப்புப் பார்த்து முடித்த கோப்பு கையில் இருந்தால் மட்டும் தேதி சொல்லுங்கள். முடிக்காத புத்தகத்துக்குத் தேதி சொன்னால், அந்தத் தேதிக்கான விலையை உங்கள் தூக்கமும் வீட்டாரின் வார இறுதிகளும்தான் கொடுக்கும்.

தொடர்கதை எழுதுபவர்களுக்குப் பருவம் பிரிப்பது கஷ்டம். வாசகர் வாராவாரம் காத்திருப்பார். அவர்களுக்கு ஒரே வழி கையிருப்பு. ஏழெட்டு அத்தியாயம் எழுதி வைத்த பிறகு முதல் அத்தியாயத்தை வெளியிடுங்கள். கையிருப்பு மூன்றுக்குக் கீழே போனால் அடுத்த பாகத்துக்கு முன் இடைவெளி அறிவித்துவிடுங்கள்.

படி 5: வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்

'என் எழுத்துக்கு வீட்டில் மதிப்பில்லை' என்ற புலம்பல் எழுத்தாளர் கூடும் இடங்களிலெல்லாம் கேட்கும். பல நேரங்களில் வீட்டாருக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது என்பதுதான் விஷயம். வெளியே இருந்து பார்ப்பவருக்கு, திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதும் நாவல் எழுதுவதும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆகவே பொதுவாக 'எனக்கு நேரம் வேண்டும்' என்று கேட்காதீர்கள். 'செவ்வாய், வியாழன், சனி, காலையில் ஒரு மணி நேரம், கதவு மூடியிருக்கும். அவசரம் என்றால் தட்டலாம். எது அவசரம் என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்வோம்' என்று கேளுங்கள். பதிலுக்கு அவர்களுக்கும் அதே மாதிரி நேரம் கொடுங்கள். துணைவரின் ஒரு மணி நேரத்தில் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்த நேரத்தில் போன் கையில் இருக்கக் கூடாது. இந்த இரண்டாவது பகுதியை விட்டுவிட்டால் முதல் பகுதி ரொம்ப நாள் ஓடாது.

வெளியீட்டு வாரத்தை வீட்டு நாட்காட்டியில் முன்கூட்டியே குறியுங்கள். பரீட்சை, திருமணம், ஊர்ப்பயணம் எதனோடும் மோதாமல் இருக்கட்டும். பதிப்பகத்தின் அட்டவணைக்குக் கட்டுப்படாமல் இருப்பதுதான் சொந்தப் பதிப்பின் மிகப் பெரிய வசதி. அந்த வசதியைப் பயன்படுத்தாமல், தனக்குத்தானே இரக்கமில்லாத முதலாளியாக இருப்பவர்கள் அதிகம்.

பணத்தையும் மேசையில் வையுங்கள். அட்டை, திருத்துநர், விளம்பரம் ஆகியவற்றுக்கு இந்த ஆண்டு எவ்வளவு, அது திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லையா என்று இருவரும் பேசி ஒரு உச்சவரம்பு வையுங்கள்.

இன்னொன்று, யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை: வீட்டார் உங்கள் எழுத்தில் வருவது. மாமியார் சொன்ன ஒரு வாக்கியம், தம்பியின் விவாகரத்து, மகள் பள்ளியில் அழுதது என்று எல்லாமே எழுதுபவருக்குக் கச்சாப்பொருள்தான். கதையில் உருமாற்றி வைப்பது வேறு. வாசகர் மடலில் 'என் மகள் நேற்று...' என்று எழுதுவது வேறு. முதலாவதில் உங்களுக்கு உரிமை உண்டு, ஆனாலும் அடையாளம் தெரியும் என்றால் வெளியாகும் முன் அவர்களிடம் காட்டுவது நல்லது. இரண்டாவதற்குக் கேட்காமல் எழுதவே கூடாது. குழந்தை சரி என்று சொன்னாலும் கொஞ்சம் யோசியுங்கள். பதினைந்து வயதில் அதை வாசிக்கப்போவதும் அதே குழந்தைதான்.

படி 6: வாசகர்களுக்கு ஒரே ஒரு வாசல்

எல்லாச் சமூக வலைதளங்களிலும் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். ஒன்று போதும், அதுவும் உங்களுக்கு இயல்பாகப் பிடித்தது. ஆனால் வாசகரோடு நிலையான தொடர்பு மின்னஞ்சல் வழியாக இருக்கட்டும். காரணம் எளிது: வலைதளத்தில் உங்களைப் பின்தொடர்பவர் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர், அவர்களின் கணக்கீட்டு முறை மாறினால் உங்கள் பதிவு அவருக்குப் போகாது. மின்னஞ்சல் முகவரிப் பட்டியலை நீங்கள் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம், மடல் அனுப்பித் தரும் சேவை பிடிக்காவிட்டால் வேறு சேவைக்கு எடுத்துப் போகலாம்.

தொடங்கும்போதே சில விஷயங்களைச் சரியாகச் செய்துவிடுங்கள். தானாக வந்து சேர்ந்தவர்களை மட்டும் பட்டியலில் வையுங்கள். யாருடைய முகவரியையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அங்கே வாசகர் இருந்தால் சம்மதம் முக்கியம். அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வணிக நோக்கமுள்ள மின்னஞ்சலில் விலகுவதற்கான வழியும் அனுப்புபவரின் அஞ்சல் முகவரியும் இருக்க வேண்டும். மடல் சேவைகள் இந்த முகவரியைக் கேட்கும்போது பலர் யோசிக்காமல் வீட்டு முகவரியைப் போட்டுவிடுகிறார்கள். அது ஒவ்வொரு மடலின் அடியிலும் எல்லாருக்கும் போகும். அஞ்சல் பெட்டி எண் ஒன்று வாங்கி அதைக் கொடுங்கள்.

ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து மொத்தமாக அனுப்புபவர்களுக்கு விதிகளை இறுக்கியிருக்கின்றன. இலவச மின்னஞ்சல் முகவரியை அனுப்புநராக வைத்து மடல் சேவை வழியாக அனுப்பினால் ஸ்பேமில் விழ வாய்ப்பு அதிகம். சொந்தப் பெயரில் ஒரு இணைய முகவரி (டொமைன்) வாங்கி, சேவை சொல்கிறபடி அதை உறுதிப்படுத்திவிடுங்கள். ஒரு மாலை நேர வேலைதான்.

எத்தனை நாளுக்கு ஒரு மடல்? மோசமான வாரக் கணக்குப்படி பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு மாதம் ஒன்றுதான் பதில். 'வாராவாரம்' என்று அறிவித்துவிட்டு மூன்றாம் வாரம் காணாமல் போவதைவிட, மாதம் ஒன்று சொல்லி இடையில் ஒரு கூடுதல் மடல் அனுப்பினால் வாசகர் மகிழ்வார். தேதி மாறாத மூன்று நான்கு மடல்களை எழுதிக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பாத்திரம் எப்படிப் பிறந்தது, நீக்கிய ஒரு காட்சி, கதைக்காகத் தேடியபோது கிடைத்த விசித்திரமான தகவல். மட்டமான மாதத்தில் அதில் ஒன்று போகட்டும்.

மடலில் விற்பனை இருக்கலாம், கூச்சம் வேண்டாம். வாசகர் புத்தகத்துக்காகத்தான் வந்து சேர்ந்திருக்கிறார். ஆனால் மடலைத் திறந்தவர் எதையும் வாங்காவிட்டாலும் வாசித்ததற்கு ஏதாவது கிடைக்க வேண்டும். ஒரு நல்ல பத்தி போதும். கடைசியில் ஒரு உண்மையான கேள்வி கேளுங்கள். வரும் பதில்களில் நீங்கள் யாருக்காக எழுதுகிறீர்கள் என்பது மெல்லத் தெரியவரும்.

படி 7: பதில் எழுதுவதற்கு நாள் ஒதுக்குங்கள்

வாரம் இரண்டு முறை, மந்தமான நேரத்தில், நாற்பது நிமிடம். அவ்வளவுதான். வாசகர் உடனடிப் பதிலை எதிர்பார்க்கிறார் என்பது பெரும்பாலும் நம் பயம். நான்கு நாள் கழித்து வந்தாலும், அவர் எழுதியதை வாசித்திருக்கிறோம் என்று தெரிகிற மூன்று வரி அவருக்குப் போதும். உடனே வரும் இதயக் குறியைவிட அது மேல்.

எல்லாவற்றுக்கும் பதில் எழுத வேண்டியதில்லை. புத்தகத்தில் குறிப்பாக ஒன்றைச் சொல்லி எழுதுபவருக்குக் கட்டாயம் எழுதுங்கள். 'அடுத்த பாகம் எப்போது?' என்பதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 'என் கதையை வாசித்துக் கருத்துச் சொல்லுங்கள்' என்பவருக்குக் கனிவாக மறுக்கலாம். ஒருவருக்குச் சரி என்றால் பத்துப் பேருக்குச் சொல்ல வேண்டிவரும். சொந்தத் துயரத்தை நீளமாகக் கொட்டுபவரிடம் அன்பாக இருங்கள், ஆனால் அவருக்கு நீங்கள் ஆலோசகராக முடியாது. அவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம், அல்லது மருத்துவரிடம் பேசச் சொல்லி எழுதுங்கள்.

விமர்சனங்களுக்குப் பதிலே வேண்டாம். மோசமானதற்கு மட்டுமல்ல, நல்லதற்கும். விற்பனைப் பக்கத்தில் இருக்கும் விமர்சனம் வாசகர் இன்னொரு வாசகரிடம் பேசுவது. எழுத்தாளர் அங்கே போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். எழுத்தாளர் ஒருவர் ஒற்றை நட்சத்திரத்துக்குக் கோபமாகப் பதில் எழுதப்போய், புத்தகத்தை மறந்துவிட்டு அந்தச் சண்டையை மட்டும் எல்லாரும் பேசுவது இணையத்தில் வாடிக்கையாக நடக்கிறது. வாசிக்காமல் இருக்க முடியவில்லை என்றால் நம்பகமான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். ஒரே குறையைப் பலர் சொன்னால் மட்டும் அவர் உங்களிடம் சொல்லட்டும்.

வெளியீட்டுக்கு முன் இலவசப் பிரதி கொடுக்கலாம், ஆனால் விமர்சனம் எழுத வேண்டும் என்று நிபந்தனை போட அமேசான் அனுமதிப்பதில்லை. குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் விமர்சனம் எழுதவும் அனுமதி இல்லை. அன்பு மிகுதியில் சித்தப்பா எழுதிய ஐந்து நட்சத்திரம் நீக்கப்படலாம், அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நேரில் சந்திப்பது, லைவ் வருவது, வாசிப்பு நிகழ்ச்சி எல்லாம் சிலருக்கு உற்சாகம் தரும், சிலரை உறிஞ்சிவிடும். உற்சாகம் தருகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். சார்லஸ் டிக்கன்ஸ் தன் கதைகளை மேடையில் வாசித்துக் காட்டுவதில் பெரும் ஈடுபாடு உள்ளவர், வருமானமும் நன்றாக இருந்தது. 1869 ஏப்ரலில் உடல்நிலை மோசமாகி, மருத்துவர்கள் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இறந்தபோது கையில் இருந்த நாவல் பாதியில் நின்றது. கூட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு வெற்று நாள் விட முடியாவிட்டால் அழைப்பை மறுத்துவிடுங்கள்.

படி 8: எதைச் சொல்ல மாட்டீர்கள் என்று முன்பே முடிவு செய்யுங்கள்

திரையில் தினமும் பார்ப்பவரை நேரில் பழகியவர்போல உணரும் மனநிலையை, தொலைக்காட்சி புதிதாக இருந்த 1956-லேயே ஹார்ட்டன், வோல் என்ற இருவர் ஆராய்ந்து எழுதினார்கள். நாவலாசிரியர் மீது இது இன்னும் ஆழமாக வரும். உங்கள் வாக்கியங்கள் அவர் தலைக்குள் பல மணி நேரம் ஓடியிருக்கின்றன. அந்த நெருக்கம் பொய்யில்லை, ஆனால் ஒருபக்கமானது. அதைப் புரிந்துகொண்டு நீங்கள்தான் எல்லை வைக்க வேண்டும்.

வீட்டு முகவரி, குழந்தைகளின் முகமும் பள்ளியும், துணைவரின் வேலையிடம், இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பது ஆகியவை பொதுவெளிக்கு வேண்டாம். பயணப் படங்களைத் திரும்பி வந்த பிறகு போடுங்கள். இணைய முகவரி பதிவு செய்யும்போது உரிமையாளர் விவரத்தை மறைக்கும் வசதி இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். சொந்தத் தொலைபேசி எண்ணை வாசகர் வாட்ஸப் குழுவில் பயன்படுத்தாதீர்கள். குழு தேவைப்பட்டால் தனி எண். புனைபெயரில் எழுதுவதாக இருந்தால் முதல் நாளே தனி மின்னஞ்சல் வையுங்கள், பிறகு பிரிப்பது கஷ்டம்.

யாராவது எல்லை மீறினால் விளக்கம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள், தொடர்ந்தால் தடை செய்யுங்கள், செய்திகளைப் படம் எடுத்துச் சேமியுங்கள், வீட்டாரிடம் சொல்லுங்கள்.

படி 9: பணத்தைப் பற்றிச் சுருக்கமாக

கேடிபியில் ஒரு மாத விற்பனைக்கான ராயல்டி, அந்த மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் கைக்கு வரும். வெளியீட்டு மாதத்தின் எண்ணிக்கை அடுத்த மாதங்களில் இருக்காது. இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வேலையை விடுவது பற்றி யோசிக்க வேண்டும். மின்னூலை அமேசானுக்கு மட்டுமே கொடுக்கும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் கொடுக்க முடியாது. உங்கள் மடல் வாசகர்களுக்குத் தனியாக அனுப்ப நினைத்திருந்தால் சேரும் முன் யோசியுங்கள்.

படி 10: எல்லாம் குலைந்தால் எதை முதலில் விடுவது

உடல்நிலை, வீட்டில் ஒரு இழப்பு, புது வேலை என்று ஏதாவது ஒன்று வரத்தான் செய்யும். எதை விடுவது என்ற வரிசையை அமைதியான நாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நெருக்கடியில் யோசிக்க முடியாது. என் சிபாரிசு: முதலில் சமூக வலைதளம். அடுத்து வாசகர்களுக்குத் தனித்தனிப் பதில். அடுத்து மடல், கையிருப்பு தீர்ந்த பிறகு. அதற்கும் பிறகு சொல் கணக்கு. தூக்கமும் வீட்டாருடனான நேரமும் இந்தப் பட்டியலிலேயே வராது. பலர் அவற்றைத்தான் முதலில் விடுகிறார்கள், அவை ஆட்சேபிப்பதில்லை என்பதால்.

புத்தகம் தாமதமானால் வாசகருக்கு நான்கு வரி எழுதுங்கள். 'சொன்ன தேதியில் புத்தகம் வராது. வீட்டில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. புதிய தேதியைக் கோப்பு முடிந்ததும் சொல்கிறேன். முன்பணம் கொடுத்தவர்கள் கேட்டால் திருப்பித் தருகிறேன்.' காரணத்தை விரிவாகச் சொல்லத் தேவையில்லை, பத்து முறை மன்னிப்பும் கேட்க வேண்டாம். புதிய தேதியை மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். இரண்டாவது தேதியும் தவறினால்தான் வாசகருக்குக் கோபம் வரும்.

இடைவெளிக்குப் பிறகு திரும்பும்போது முதல் இரண்டு நாள் எழுத வேண்டாம். கடைசி இரண்டு அத்தியாயங்களை வாசியுங்கள், கோப்பின் அடியில் இருக்கும் அந்த மூன்று வரியைப் பாருங்கள். மூன்றாம் நாள் பழைய கணக்கில் பாதியோடு ஆரம்பித்து இரண்டு வாரம் அப்படியே போங்கள். விட்டுப்போன வாரங்களின் சொற்களை எழுதிப் பிடிக்க முயலாமல், அட்டவணையில் எல்லாத் தேதிகளையும் அத்தனை வாரம் தள்ளி எழுதிவிட்டு வேலையைத் தொடருங்கள்.